வடிகட்டி

லா கொமேரா தீவிலிருந்து ஆறரை மணிக் கப்பல்.
ஒலாயாவின் கைப்பையில்
மகன் வலியில் கடித்துப் பல் பதிந்த துண்டு,
ஒரு புட்டி, அதில் அவன் பெய்த கல்.
மிளகில் பாதிகூட இல்லை.
மூன்று நாள் அவனைச் சுருட்டிப் போட்டது இதுதான்.

தேநீர் வடிகட்டியில் பிடித்தோம்.
அதன்பிறகு வீட்டில் யாரும் தேநீர் போடவில்லை.

தெனெரிஃபே மருத்துவமனையில்
டாக்டர் இத்சியார் எங்கள் இருவர் பெயரையும் எழுதி
நடுவே கோடு போட்டார்.
"பிசகு சிறுநீரகத்தில் இல்லை, ஈரலில்.
அது மறந்த வேலைக்கு
இது அடி வாங்குகிறது."

பிறகு கேட்டார்: நீங்கள் ஒரே ஊரா?

இல்லை. நடுவே ஒரு பள்ளத்தாக்கு.
இந்தச் சரிவில் நின்று நான் சீழ்க்கையடிப்பேன்,
அந்தச் சரிவில் வாழைக்குலையை இறக்கி வைத்துவிட்டு
அவள் பதில் அடிப்பாள். அப்படித்தான் கல்யாணம்.
எங்களுக்கு முன்பே யாரோ
அதைக் கடந்து போயிருக்கிறார்கள்,
சொல்லிக்கொள்ளாமல்.

எனக்குள் ஓர் எழுத்துப் பிழை.
அவளுக்குள்ளும், அதே வரியில்.
தனித்தனியே இருந்தவரை ஒருவருக்கும் வலிக்கவில்லை.
முப்பது வருஷம் கல் சுமந்து மதில் கட்டினேன்,
முதுகு பிடித்ததுண்டு,
விலாவுக்குக் கீழே ஒருநாளும் குத்தியதில்லை.

மகள் நெரேய்தாவுக்கு ஒன்றுமில்லை.
"பாதி இருக்கலாம். பார்த்துவிடுவோமா?"
அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அடுத்த மாதம் நிச்சயம்.
மாப்பிள்ளை எங்கள் பள்ளத்தாக்குக்காரன்.

திரும்பும் கப்பலில்
யெராய் மூன்றாவது பாட்டில் தண்ணீரை முடித்துவிட்டு
எழுந்து போனான்.
ஒலாயா அசையவில்லை.
நெரேய்தாதான் பையைத் துழாவி
வடிகட்டியை எடுத்துக்கொண்டு
அவன் பின்னால் ஓடினாள்.