பகுதிச் சேதம்

விடிய நாலரைக்குக் காற்று விட்டது.
ஆறு மணிக்கே பிரதேச செயலகத்திலிருந்து அழைப்பு:
மத்தியானத்துக்குள் எண்ணிக்கை வேணும் மிஸ்,
மாவட்டத்துக்கு அனுப்ப.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
முழுச் சேதம். பகுதிச் சேதம்.
கூரையில் பாதிக்கு மேல் போனால் முழு,
பாதிக்குக் கீழே என்றால் பகுதி.
சரி பாதி போனால் என்னவென்று
பத்து வருஷமாய் நானும் யாரையும் கேட்கவில்லை.

இது கச்சான் இல்லை. சோளகமும் இல்லை.
கொண்டல் இப்படிக் கதவைப் பிடித்து உலுப்பாது.
முத்தையன்கட்டுக் குளத்தில் எழும்பி
கற்சிலைமடு, ஒட்டுசுட்டான் என்று
கடைசி பஸ் மாதிரி
எல்லாத் தரிப்பிலும் நின்று நின்று போயிருக்கிறது.

பாலை மரம் ஒன்று றோட்டுக்குக் குறுக்கே.
ஸ்கூட்டியை விட்டுவிட்டு ஏறிக் கடந்தேன்.
தபாற்கந்தோர்க் கூரையில்
தோகை நனைந்த மயில்,
பறக்கவும் ஏலாமல் இறங்கவும் மனமில்லாமல்.
புவிதரனின் எண்ணூறு வாழை
குலையோடு கிழக்கே படுத்துக் கிடக்கிறது.
காய் முற்ற இன்னும் இருபது நாள் இருந்ததாம்.
வாழைக்குப் படிவம் வேறை தம்பி,
கமநல சேவையிலிருந்து ஆள் வரும் என்றேன்.
அவன் லீசிங்காரனின் நம்பரைப் பார்த்தபடி
போனை அடிக்க விட்டுக்கொண்டு நின்றான்.

யோகமலரின் வீட்டில் குசினிப் பக்கம் இல்லை.
தையல் மெசின் நிற்கிற பக்கம் அப்படியே இருக்கிறது.
கிழிந்த இடத்துக்கு நேர் கீழே
பாதி தைத்த பள்ளிச் சட்டை.
பேனையைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றேன்.
"அடுப்பு இருந்த பாதியை எழுதுங்கோ மிஸ்,
அதுதான் பெரிய பாதி" என்றாள்.
முழு என்று எழுதினேன்.

பத்து மணிக்குள்
ஊர்த் தகரம் எல்லாம்
பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில்.
லாண்ட்மாஸ்டரில் பொறுக்கி வந்து கொட்டினார்கள்.
வயலுக்குள் கிடந்தது, வாய்க்காலில் கிடந்தது,
வைரவர் கோயில் மணியில் செருகிக் கிடந்தது.

எது யாருடையது?
தவலட்சுமி விரலை விட்டுப் பார்க்கிறா:
மூன்று ஓட்டை ஒரே வரிசை,
நாலாவது தள்ளி, கிழிந்தமாதிரி.
"இது என்ரை அறைக்கு மேலே கிடந்தது."
சூசைமுத்து வெயிலுக்கு நேரே பிடித்து
முகத்தில் விழுந்த புள்ளிகளை
வாய்க்குள் எண்ணுகிறார்.
"இல்லை. எங்கடையில் பதினொன்று."
மீளக் குடியேற வந்த மாதம்
பற்றைக்குள் தேடி எடுத்த தகரங்கள்.
தார் வைத்து அடைத்தாலும்
மத்தியானத்தில் பாயில் விழுகிற வெளிச்சம்
படுத்துக் கிடந்து பார்த்தவர்களுக்குப் பாடம்.
ஒரு சண்டை இல்லை.
ஆளுக்காள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மிஞ்சியது ஒன்று.
நீலம். புதுசு. நெளிவில்லை, ஓட்டையில்லை.
நாலு பேர் தங்களது என்றார்கள்.
தடவிப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள்,
சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.
கோல் கம்பத்தில் சாத்திவிட்டு
நாலு பேரும் நாலு பக்கம் போனார்கள்.

முழு முப்பத்தேழு. பகுதி நூற்றுப் பன்னிரண்டு.
காரணம் என்ற கட்டத்தில்
நூற்று நாற்பத்தொன்பது தரமும் காற்று என்று எழுதி
மின்சாரம் இல்லாத கந்தோரில்
போன் வெளிச்சத்தில் ஒப்பம் வைத்தேன்.

திரும்பி வரும்போது மழை பிடித்துவிட்டது.
திடலில் அந்த ஒற்றைத் தகரம்
சடசடவென்று
ஒரு வீட்டளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.