சூடேறினால்

காலையில் என் வெஸ்பா நல்ல பிள்ளை.
களுதாவளையில் ஒரு உதை,
மிஞ்சினால் இரண்டு.
வாழைத்தோட்டம், கோயில், சந்தை எல்லாம் தாண்டி
ஓந்தாச்சிமடப் பாலம் ஏறும்போது
ஒரு விக்கல்.
பிறகு கச்சான் காற்றின் இரைச்சல் மட்டும்.

இருபது நிமிடம் ஆறவிட்டால்
ஒன்றும் நடவாத மாதிரிக் கிளம்பும்.
அந்த இருபது நிமிடத்துக்குள்
நாலு பேராவது சைக்கிளை நிறுத்துவார்கள்.
"ஸ்கூட்டி ஒண்டு எடுங்களன் டீச்சர், லீசிங் போட்டு."
லீசிங்காரன் என் கேற்றடியில் நிற்பதைவிட
நான் இந்தப் பாலத்தில் நிற்பது மேல்.
சொல்லவில்லை. சிரித்தேன்.
கீழே தோணியில் இறால் வலை இழுப்பவர்
இப்போதெல்லாம் நேரம் பார்ப்பது என்னை வைத்துத்தான்.

சனிக்கிழமை, கல்முனை, பாட்ஸ் கடை.
சப்றான் கண்ணாடிப் பெட்டிமேல்
மூன்று கொயில் வைத்தான்.
இத்தாலி, பதினெட்டாயிரம்:
அட்டைப்பெட்டிக்கே ஒரு வாசம்.
இந்தியா, நாலாயிரத்து எழுநூறு.
மூன்றாவதற்கு ஊரே இல்லை, ஆயிரத்து இருநூறு,
இத்தாலி என்ற சொல்லில்
ஓர் எழுத்து மட்டும் குறைந்திருந்தது.
"வல்லாஹி டீச்சர், மூண்டும் ஒரே பொறிதான்."

நான் கணக்கு டீச்சர்.
மாரிக்குப் பிறகு ஊரில்லாத கொயில்
மூன்று வாங்கிவிட்டேன்.
மூன்று பிரேதமும் ஜன்னலோரம்
விடைத்தாள் பறக்காமல் காத்துக் கிடக்கின்றன.
நாலாவதையும் வாங்கினால்
இந்தியாவைத் தாண்டிவிடுவேன்.
இந்தியாவை வாங்கினால்
கரண்ட் பில்லைத் தாண்டமாட்டேன்.
கையிலிருந்த தாளை இரண்டு தரம் எண்ணினேன்,
எண்ணினால் கூடும் என்பதுபோல.

பிரேக் கேபிளுக்குக் காத்து நின்ற
ஆட்டோக்கார கிருபைநாதன் கேட்டார்:
"கொயில் செத்ததெண்டு ஆர் சொன்ன?"
யாரும் சொல்லவில்லை.
"சூடேறினா நிக்கிது, ஆறினா ஓடுது. அப்படித்தானே?
அது கொண்டென்சர், டீச்சர். கொயில் பாவம்."

சப்றானைக் கேளாமலே லாச்சியை இழுத்து
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு தகரக் குப்பியை எடுத்தார்.
ஐந்நூற்றைம்பது ரூபாய்.
இது ஆட்டோவுடையதாச்சே என்றேன்.
"பொறிக்கு அது தெரியாது.
உள்ளுக்க வச்சா எஞ்சின் சூட்டுல வேகும்.
வெளிய கட்டுங்க, காத்துப் படட்டும்."

கடை வாசலில், வெயிலில்,
பழையதன் வயரை வெட்டி
புதியதை வெளியே தொங்கவிட்டுக் கட்டினார்.
பொயின்ட் கருகியிருந்தது.
நடுவில் தாவிவிடும் பொறியைக் கொண்டென்சர்
ஒரு நொடி விழுங்கி வைக்கவேண்டுமாம்,
விழுங்காவிட்டால் வாய்தான் கருகுமாம்.
உப்புத்தாளால் தேய்த்தோம்.
இடைவெளி பார்க்க
என் கைப்பையில் கிடந்த, யாரோ ஒரு பிள்ளையின்
பரீட்சை அனுமதி அட்டை சரியாக இருந்தது.

பின்னேரம் திரும்பும்போது
பாலம் வந்தது. விக்கல் வரவில்லை.
பாலம் போனது.
தோணிக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார்,
மணி பிழைத்துப்போன முகத்தோடு.

இரவு கணக்கெழுதினேன்.
மூன்று கொயில், ஒரு கொண்டென்சர்:
நாலாயிரத்து நூற்றைம்பது.
இந்தியாக் கொயிலைவிட
ஐந்நூற்றைம்பது குறைவு.
இலாபம் என்று எழுதினேன், வெட்டினேன்,
திரும்பவும் எழுதினேன்.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன்.
அப்படியென்றால் அந்த மூன்றும்
சாகவே இல்லை.
பார்க்காமல் மரணச் சான்றிதழ் எழுதுவது
கச்சேரியில் மட்டும் நடக்கிற காரியம்
என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஒன்றுக்கு நானூறு தாறன் என்றான் சப்றான்.
கொடுக்கவில்லை.
கச்சான் இன்னும் ஓயவில்லை,
பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தி முடியவுமில்லை.