வாங்கி

வெட்டும் வாளின் சத்தம் நின்றதும்
பிளாஸ்டர் இரண்டு ஓடாய்ப் பிளந்தது.
உள்ளே கிடந்தது யாருடைய கால்?
மெலிந்து, பொருக்கு உதிர்ந்து,
என் காலில் முன்பு இல்லாத மயிரோடு,
புளித்த மா மணத்தோடு.

ஒன்பது கிழமை.
பொரளைச் சந்தியில் பஸ் மிதிபலகை வழுக்கி
எலும்பு வெடித்து
முழங்காலின் உட்பக்க இணையம்
அறுந்தும் அறாமலும் போனதிலிருந்து.
பள்ளிக்கூடத்தில் இணையம் என்றுதான் படித்தோம்,
எலும்பை எலும்போடு கட்டுகிற நாரை.
இப்போது அந்தச் சொல்லைச் சொன்னால்
டேட்டா கார்ட் வேணுமா என்கிறார்கள்.

வெள்ளவத்தை, நான்காம் மாடி, லிப்ட் பழுது.
ஆறு பத்துக் கோச்சி கடலோரம் போகையில்
ஜன்னல் கம்பி நடுங்கும், கோப்பை நடுங்கும்.
கால் மட்டும் நடுங்காது.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.
கின்சி வீதி ஆய்வுகூடத்தில்
பதினொரு வருஷமாய் இழையம் சீவுகிறேன்,
மெழுகுக் கட்டியிலிருந்து, ஐந்து மைக்ரோன் மொத்தத்தில்.
போன வருஷம் முயல்கள்.
ஒரு பின்னங்காலைக் கம்பி வைத்து மடக்கிப் பூட்டி
மற்றதைத் துள்ள விட்டார்கள்.
அதுவும் ஒன்பது கிழமை.
பிறகு இரண்டும் என் மேசைக்கு வந்தன.

பூட்டிய காலில் நார்கள் வரிசை குலைந்து
புறக்கோட்டை மின்கம்பத்து வயர்களாய்க் கிடந்தன.
எலும்போடு சேரும் ஓரம் அரித்திருந்தது.
இழுக்க ஆளில்லாத இடத்தில்
கலங்கள் பிடியை விட்டிருக்கும் என்று நினைத்தேன்.
பிடிக்கிற கை அவற்றுக்கு உண்டு. இன்டெக்ரின்.
கலத்தின் தோலைத் துளைத்து
பாதி உள்ளே பாதி வெளியே நிற்கிற புரதம்.
வெளியே நாரைப் பற்றும்,
உள்ளே கலத்தின் கயிறுகளைத் தொடும்.
சாயம் ஏற்றினால் கபிலமாய்த் தெரியும்.

துள்ளிய காலில் மெல்லிய கபிலம்.
பூட்டிய காலில்
கலத்துக்குக் கலம் கடும் தேயிலைச் சாயம்.
என் பிழையென்று திரும்பச் செய்தேன்.
திரும்பவும் கூடியிருந்தது.
டொக்டர் வரோதினி கண்ணாடியில் குனிந்து பார்த்து
"குறிச்சு வையுங்கோ" என்றார்.
குறித்தேன்: இலக்கம் பதினாலு, இடது, மூன்று பிளஸ்.
அன்று மத்தியானம் லம்ப்ரைஸ் சாப்பிட்டது நினைவிருக்கிறது.

பிளாஸ்டருக்குள் கிடந்த இரவுகளில்
அந்தக் கபிலம் என் முழங்காலில் ஊறியது.
அசைவற்ற இருட்டில்
கைக்கு மேல் கை முளைத்து
எதையாவது பிடிக்கத் தடவின கலங்கள்.
பதினாலுக்கு அதன்பிறகு துள்ளக் கிடைக்கவில்லை.
அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பிசியோ சமிந்தி குதிகாலைப் பிடித்து மடக்குகிறாள்.
எக்காய். தெக்காய்.
"ரிதெனவாத?"
நோகுது. நோகட்டும்.
இழுப்பு நாருக்குப் போய், நாரிலிருந்து கைக்குப் போய்,
கை உள்ளே சொல்லும், இந்தப் பக்கம் என்று.
கலம் பழைய சிக்கலைத் தின்று
இழுத்த திசையில் புது இழை இடும்.
வாங்கி என்று பெயர் வைத்தவர்
பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.
உள்ளிருந்து கலம் இழுத்தால்
வெளியே நாரும் நிமிர்கிறது.

எழுபது பாகையில் நின்றுவிட்டது.
போன செவ்வாய் அறுபத்திரண்டு.
"ஒரு வருசம் பிடிக்கும்" என்கிறாள் அரைத் தமிழில்.
எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது.
முழுசாய் வராமலும் போகலாம் என்பதை
சிங்களத்தில் சொன்னாள், மெதுவாய்.

இன்று வேலைக்கு. நூற்றைம்பத்துநாலு.
முதலில் ஊன்றுகோலை ஏற்றினேன், பிறகு என்னை.
பம்பலப்பிட்டியில் பஸ் வெட்டித் திரும்ப
எல்லாரும் இன்னொரு கையைக் கம்பியில் போடுகிறார்கள்.
நானும்.
"இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்துகிறான் கொண்டக்டர்.
முன்னுக்குப் போகட்டாம்.
முழங்கால் கொஞ்சம் யோசிக்கிறது.