அடி கறுத்த தக்காளி

ஐந்தாம் சனிக்கிழமை. பாலக்கோடு சமுதாயக் கூடம்.
ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டச் சொன்னார்கள்.
கயிறாய் நீண்டால் களி, உதிர்ந்தால் மணல்.
என்னுடையது பாதி நீண்டு அறுந்தது.
"இதுக்கு என்னங்க பேரு?"
"உங்க வீட்டு மண்ணு" என்றார் பயிற்றுநர் தௌலத்.
எழுதிக்கொண்டேன்.

பிறகு என் முறை, மாதிரி வகுப்பு.
ஒன்பது வருடமாய் மீட்டர் கணக்கெடுக்கிறேன்.
எவர் வீட்டுப் பின்பக்கம் எது வாடுகிறதென்று தெரியும்.
நின்று பேசத்தான் வரவில்லை.

சுண்ணாம்புச் சத்து என்று ஆரம்பித்தேன்.
மாதம்மாள் மடியிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து
மேசைமேல் வைத்தாள்.
அடி கறுத்து, உள்வாங்கி.

மனப்பாடம் செய்த பக்கம் போயே போச்சு.
"தண்ணி எப்ப ஊத்தறீங்க?"
"கொழா வர அன்னிக்கி."
"எப்ப வரும்?"
கூடமே சிரித்தது.

அதற்கப்புறம் யார் யாரோ பேசினார்கள்.
அரிசி கழுவின தண்ணீர், வேரடியில் கடலைத் தொலி,
கழுத்துவரை புதைத்த ஓட்டைக் குடம்.
நான் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தேன்,
சாக்பீஸ் தீரும்வரை.

என் தாளில் தௌலத்தின் குறிப்பு:
பாடத்தை விட்டு விலகினார்.

தக்காளியைத் திருப்பித் தர மறந்துவிட்டேன்.
ராத்திரி அடியை அரிந்து எறிந்துவிட்டு
மீதியை ரசத்தில் பிசைந்தேன்.
நல்ல புளிப்பு.