பதினோராவது சாவு

மந்திரக்கோலாம். பார்த்தால் உலக்கை.
ரெட்டைச்சடைக்காரி ஓங்கி ஒரு போடு போடுகிறாள்,
பையன் தலை பரங்கிக்காயாய்த் தெறித்து
அடுத்த நொடி முளைத்து
"மன்னிச்சிரு" என்கிறது.

தங்கச்சிமடம் நண்டுக் கம்பெனி வாசலில்
டீ ஆறுவது தெரியாமல்
இன்பன்டாவும் ரெஜினாளும்
ஒரே போனுக்குள் கிடக்கிறார்கள்.
கையுறையில் நண்டு வாடை,
மடியில் கொடுக்கு உடைக்கிற சுத்தியல்.

பதினோராவது சாவு.
கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை,
முளைக்கப் போகிற நேரம்
சார்ஜ் தீர்ந்தது.
பாம்பன் காற்றில் காலையிலேயே போன கரண்டு
வந்தபாடில்லை.
"அடியே, தலையில்லாம எம்புட்டு நேரம் நிப்பான்?"

"சிரிச்சது போதும், உள்ள வாங்க"
சூப்பர்வைசர்.
ரெஜினாள் எழுந்து
சுத்தியலைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி
அவரை நோக்கி நீட்டுகிறாள்.

இரண்டடி பின்வாங்குகிறார்.
அவருக்கு இருப்பது ஒரே தலை.