ஒரு புள்ளி

பள்ளத்தூரில் எங்கள் பள்ளியின்
பதினோரு கணினிகளும்
ஒரே காலையில் ஒரே வாக்கியம் சொல்லின:
உங்கள் உரிமம் முடிந்தது.
புதுப்பிக்கக் கேட்ட தொகையை
இரண்டு முறை வாசித்துவிட்டுத்
தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார்.
அதுவும் ஓடவில்லை.

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில்
பென்டிரைவில் வந்தது லினக்ஸ்.
சனிக்கிழமை முழுக்க ஏற்றினோம்.
'இதுக்குப் பூட்டே இல்லையா டீச்சர்?'
'இல்லை.'
'எவனாச்சும் எடுத்துட்டுப் போயிட்டா?'
'எடுத்துட்டுப் போகத்தான் வச்சிருக்காங்க.'
சாதிக் நம்பவில்லை.
மூன்று கட்டு தாண்டி நான்காவதிலும்
பூட்டுத் தொங்கும் வீடுகளின் தெருவழியே
தினமும் சைக்கிளில் வருகிறவன்.

பாடங்களும் அப்படியே இறங்கின.
யாரும் எடுக்கலாம், திருத்தலாம்,
எடுத்த இடத்தைச் சொன்னால் போதும்.
எட்டாம் பாடம், நீர்நிலைகள்.
'ஊர் நம்பியிருப்பது கணமாய்' என்றிருந்தது.
இந்த வெயிலுக்கு
அதுவும் சரிதான் என்றேன்.
காளீஸ்வரி சிரிக்கவில்லை.
'கண்மாய் டீச்சர். புள்ளி போச்சு.'

வைத்தாள்.
என்ன மாற்றினீர்கள் என்று கேட்ட கட்டத்தில்
'புள்ளி வைத்தேன்' என்று
ஒற்றை விரலால் தட்டினாள்.
பன்னிரண்டாம் நாள்
மட்டக்களப்பிலிருந்து யாரோ ஒருவர்
சேர்த்துக்கொண்டோம், நன்றி என்றார்.
எங்களூரில் அதைக் குளம் என்போம்,
உங்கள் சொல்லும் இருக்கட்டும்
என்றும் எழுதியிருந்தார்.

பங்களித்தோர் பட்டியலில்
இருநூற்றுப் பதினான்காவதாக
பா. காளீஸ்வரி.
'பா யாரு?'
'அம்மா. பாண்டிச்செல்வி.'

இந்த ஊர்க் கோயில் கணக்கில்
கல்யாணமான நகரத்தார் வீட்டுக்குப்
புள்ளி என்று பெயர்.
தலைக்கட்டு இல்லை, ஆள் இல்லை, புள்ளி.
புள்ளிக்கு இவ்வளவு வரி,
புள்ளிக்கு இவ்வளவு பிரசாதம்.
பாண்டிச்செல்வி அந்தத் திருவிழாவில்
பந்திக்குப் பந்தி இலை எடுக்கிறவள்.
எந்த ஏட்டிலும் புள்ளி இல்லை.
இதை நான் வகுப்பில் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது,
அவளுக்குத் தெரியாததா.

அவள் கேட்டது வேறு:
'அம்மா போன்ல இது தெரியுமா டீச்சர்?'
தெரியும்.
அம்மாவின் போனில் கண்ணாடி விரிசல்.
விரிசல் சரியாக அந்தப் பெயர்மேல் வருகிறதாம்.
மறுநாள் வந்து சொன்னாள்,
கொஞ்சம் மேலே தள்ளினால்
நன்றாகத் தெரிகிறது.

இப்போது முப்பத்தாறு பேரும்
பாடத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள்,
தேர்வுக்கு ஒருநாளும் படிக்காத மாதிரி.
பிழை தேடுகிறார்கள்.
மூன்று நாளாய் ஒன்றும் அகப்படாத சாதிக்
என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி,
'நாமளே ஒண்ணு போட்டுட்டு
அப்புறம் திருத்தலாமா டீச்சர்?'