நூற்று அறுபத்தெட்டு

களியக்காவிளை சந்தை முக்கில்
லேப்காரப் பெண் கவரை நீட்டும்போதே
முகத்தைத் துட்டி வீட்டுக்குத் தயாராக வைத்திருந்தாள்.
கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்தெட்டு.
பக்கத்து வரிசையில் சின்ன எழுத்தில்
நூறுக்குள் இருக்க வேண்டுமாம்.
நல்ல கொழுப்பும் இருந்தது, முப்பத்தொன்பது.
எல்லா ஊரையும் போல
நல்லது கொஞ்சம் குறைச்சல்.

டாக்டர் ஷெர்லின் எழுதிக்கொண்டே போனார்.
மாட்டிறைச்சி வேண்டாம்.
மரச்சீனி வேண்டாம்.
பொரித்தது, வறுத்தது, வதக்கியது வேண்டாம்.
தேங்காய் எண்ணெய் என்ற இடத்தில்
பேனா சற்றே நின்றது.
அவர் கூந்தலிலிருந்தும் அதே வாசம்தான் வந்தது.
கடைசியாக,
தினமும் நடக்க வேண்டும் என்றார்.

நடந்தேன்.
நேராக வடக்கே நடந்தால்
பாலம், சோதனைச் சாவடி, லாட்டரிச் சீட்டு,
பிறகு இஞ்சிவிளையில் பிரபுல்லன் கடை.

இரும்புச் சட்டியில் இறைச்சி
கறுத்துக்கொண்டிருந்தது.
தேங்காக்கொத்து ஓரம் சிவந்து
நல்லமிளகைப் பூசிக்கொண்டு புரண்டது.
கறிவேப்பிலை விழுந்த சத்தத்துக்கு
ரோட்டில் போன ஒரு பைக் வேகம் குறைத்தது.
பக்கத்துச் சட்டியில் ஏத்தம்பழம்
மஞ்சள் மாவுச் சட்டை போட்டு நீந்தியது.
இனிப்பைப் பிட்டு எரிப்பில் தொட்டுத் தின்னும் வித்தையை
யார் கண்டுபிடித்தாரோ,
அவருக்கு எந்த முக்கிலும் சிலை இல்லை.

முப்பத்திரண்டு வருஷம்
நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்தவன் நான்.
கோடு எப்படிப் பிறக்கும் என்று எனக்குத் தெரியும்.
சர்வேயர் இளநீர் குடிக்க ஒதுங்கிய நேரம்
கல் இரண்டடி தள்ளி விழுந்ததுண்டு.
பலாமரத்தின் வேர் அண்ணனுக்கும்
சுளை தம்பிக்கும் போனதுண்டு.
ஐம்பத்தாறு நவம்பரில்
எனக்க அப்பா படுத்த பாய் நகரவில்லை.
திரு-கொச்சியில் கண்ணை மூடி
மதராஸில் விழித்தார்.

சர்க்கரைக்கும் அதே கதைதான்.
வெறும் வயிற்றில் நூற்று நாற்பதைத் தொடாதவரை
சுகக்காரன் என்றிருந்தது.
கடல் தாண்டி ஓர் அறையில் கூடிப் பேசி
நூற்று இருபத்தாறில் கல்லை மாற்றி நட்டார்கள்.
நூற்று முப்பதோடு சுகமாய் உறங்கினவன்
நோயாளியாய் விழித்தான்.

முட்டையின் மஞ்சளை நாடு கடத்தினார்கள்.
பிறகு சத்தமில்லாமல்
திரும்பி வரலாம் என்றார்கள்.
இடையில் வெறும் வெள்ளையைத் தின்று தீர்த்த
என் காலைவேளைகளை
எந்தத் தாசில்தாரிடம் மனுப் போட்டு மீட்பேன்?
நெஞ்சை அடைக்கும் என்று விரட்டிய தேங்காய் எண்ணெய்
இப்போது கன்னி என்ற பட்டத்தோடு
சின்னக் குப்பியில், பெரிய விலையில்.

ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.
கல் தப்பாய் நட்டது என்பதால்
மண் சரியாமல் இருந்துவிடாது.
சங்கிலியின் மறுமுனை பிடித்த வில்பிரட்
இதே பெஞ்சில்தான் தினமும் இரண்டு பிளேட்.
ஐம்பத்தொன்றில் போனான்.
ஓட்ஸ் கஞ்சி தவிர ஒன்றும் தொடாத
அத்தான் ஞானதீபம்
நாற்பத்தெட்டில் போனார்.
இரண்டு புள்ளி கிடைத்தால் கோடு போடலாம் என்பார்கள்.
போட்டுப் பார்த்தேன்.
அது என் வயிற்றைத் தொடாமலே
எங்கோ போய்விட்டது.

வாழையிலைத் துண்டு தீர்ந்துபோய்
பழம்பொரியை என் கவர் மேலேயே வைத்தான் பிரபுல்லன்.
எண்ணெய் முதலில் என் பெயரில் ஊறியது.
பிறகு வயதில்.
பிறகு உள்ளே இருந்த தாளில்.
பிரித்துப் பார்த்தால்
நூற்று அறுபத்தெட்டு அழியவில்லை,
கண்ணாடியாகி இருந்தது.
அதன் வழியே பெஞ்சின் மர ரேகை தெரிந்தது.

“ஒண்ணுகூடி எடுக்கட்டே?”
பாதி போதும் என்றேன்.
பாதியா என்று சிரித்துக்கொண்டே
கத்தியை வைத்தான்.
கத்தி ஒரு நூல் சாய்ந்தது.
எந்தப் பக்கம் என்று
முப்பத்திரண்டு வருஷக் கண் சொன்னது.

பெரிய பாதியை எடுத்தேன்.